மேம்பாலம் வலியாகத் துறைமுகம்

என் சித்தியைப் பார்த்தவர்கள் எங்கள் ஊரில் கொஞ்சம் பேர்தான். அவளைக் கேட்காதவர்கள் ஒருவரும் இல்லை. பேருந்து நிலையத்தில் நடைமேடைகளுக்கு மேலே தொங்கும் ஒலிபெருக்கிகளில் வந்த குரல் அவளுடையது. எந்த வண்டி, எந்த வழி, எந்த நடைமேடை என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை சொல்லிக்கொண்டே இருப்பாள்.

வேலைக்குச் சேர்ந்தபோது அவள் அறிவிப்பாளர் இல்லை. பயணிகள் பெட்டிகளை வைத்துவிட்டுப் போகும் சாமான் அறையில் சீட்டுக் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் கூட்டத்தில் தொலைந்துபோன ஒரு குழந்தை அந்த அறைக்குள் வந்து ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டது. அறிவிப்பாளர் சாப்பிடப் போயிருந்தார். சித்தியே மாடிக்கு ஓடி, மைக்கின் பொத்தானை அழுத்தி, "மஞ்சள் சட்டை போட்ட குழந்தையின் அம்மா எங்கிருந்தாலும் உடனே சாமான் அறைக்கு வரவும்" என்றாள். அம்மா வந்தாள். அவளோடு வேறு இரண்டு அம்மாக்களும் வந்தார்கள், தங்கள் மஞ்சள் சட்டைக் குழந்தையைக் கையில் பிடித்தபடியே. "குழந்தை தொலையலையே, நீங்க ஏம்மா வந்தீங்க?" என்று கேட்டதற்கு, "கூப்பிட்டாங்களே" என்றார்கள். கூப்பிட்டால் வரவைக்கிற குரல் என்று மேலாளருக்கு அன்றே புரிந்துவிட்டது.

அந்தக் குரலில் சித்திக்கு மிகவும் பெருமையானது ஒரே ஒரு எழுத்து. ழ. எங்கள் குடும்பத்தில் மற்ற எல்லோரும் 'மளை', 'பளம்' என்று சொல்லி வளர்ந்தவர்கள். சித்தி மட்டும் பழக்கடையில் நின்று பேரம் பேசும்போதுகூட நாக்கை அழகாக மடித்து 'பழம்' என்பாள். கடைக்காரர் விலையைக் குறைக்க மாட்டார், ஆனால் இன்னொரு தடவை சொல்லச் சொல்வார்.

சித்தப்பா அந்தக் குரலில் விழுந்தவர்தான். லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் வேலை. நிலையத்து லிஃப்டைச் சரிசெய்ய வந்தவர், மாடியிலிருந்து வந்த குரலைக் கேட்டதும், லிஃப்ட் முழுசாகச் சரியாகிவிடாமல் பார்த்துக்கொண்டார். திரும்பத் திரும்ப வரவேண்டுமே. இன்றைக்கும் அது இரண்டாம் மாடியைத் தாண்டும்போது ஒரு குலுக்குக் குலுக்கும். "அதுதான் எங்க கல்யாண ஆல்பம்" என்பார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் ஒரு மெஷின் வந்தது. இனி அறிவிப்புகளை அதுவே சொல்லும். ஒரே ஒரு முறை ஒருவர் உட்கார்ந்து எல்லா ஊர்களையும் எண்களையும் பேசிக் கொடுத்துவிட்டால் போதும், மெஷின் துண்டு துண்டாக எடுத்து ஒட்டிக்கொள்ளும்.

மேலாளர் சித்தியைக் கூப்பிட்டுச் சொன்னார்: "வெள்ளிக்கிழமை ரெக்கார்டிங் பண்ண ஆள் வர்றார். நீங்களும் பேசுங்க, டிக்கெட் கவுன்ட்டர் அம்மாவும் பேசட்டும். எது நல்லா இருக்கோ அதை வச்சுக்குவாங்க."

டிக்கெட் கவுன்ட்டர் அம்மாவை நிலையத்தில் எல்லோரும் வெண்கலம் என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்து அவர் "சில்லறை!" என்றால் வரிசையின் கடைசியில் நிற்பவர்கூடப் பையைத் தடவிப் பார்ப்பார். சித்தியும் அவரும் ஒரே வருடம் வேலைக்கு வந்தவர்கள். பார்த்துக்கொண்டால் முறைத்துக்கொள்வார்கள், பார்க்காவிட்டால் தேடுவார்கள்.

சித்திக்கு எப்படியும் வேலை போகப் போவதில்லை. கீழே விசாரணைக் கவுன்ட்டருக்கு மாற்றுவதாகச் சொல்லியிருந்தார்கள். ஆனால் அங்கே உட்கார்ந்து, தலைக்கு மேலே காலம் பூராவும் வெண்கலத்தின் குரலைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டுமே! அதை அவளால் நினைக்கவே முடியவில்லை.

"அது என் சமையலறையில வேற ஒருத்தி சமைக்கிற மாதிரி" என்றாள்.

"சமைக்கட்டுமே" என்றார் சித்தப்பா.

அன்று அவருக்குச் சாப்பாடு மிகவும் தாமதமாகக் கிடைத்தது.

திங்கட்கிழமை காலையில் சித்தி எழுந்தபோது தொண்டை கட்டியிருந்தது. எச்சில் விழுங்கினால் முள் இறங்குவதுபோல் இருந்ததாம். அது போதாதென்று நாக்கின் நுனிக்குக் கொஞ்சம் பின்னால், ஓரத்தில், மிளகு அளவுக்கு ஒரு புண். டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "சளி பிடிச்சிருக்கு, அதோட கத்திக் கத்தித் தொண்டை வீங்கியிருக்கு. காய்ச்சல் இல்ல, பயப்பட ஒண்ணும் இல்ல. தேவையில்லாமப் பேசாதீங்க" என்றார். பின்னால் நின்ற சித்தப்பா, "இதை எழுதியே குடுத்துடுங்க டாக்டர்" என்றார்.

பேசக்கூடாது என்றதால் சித்திக்கு ஒரு வாய் தேவைப்பட்டது. நான் அப்போதுதான் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, வீட்டில் ஒரு நாற்காலியிலிருந்து இன்னொரு நாற்காலிக்கு மாறி உட்கார்ந்துகொண்டிருந்தேன். மைக்கில் பேச வேண்டியதை மட்டும் அவள் பேசுவாள், மற்றதையெல்லாம் அவள் சைகை காட்ட நான் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு.

முதலில் மருந்துக்கடைக்குப் போனோம். மருந்துக்கடை அண்ணன் எதையும் தானே நடித்துக் காட்டித்தான் விற்பார்.

"அக்கா, இது ஸ்ப்ரே. வாயைத் திறந்து, ஆ...ன்னு, தொண்டையைப் பாத்து ஒரு அடி." தன் வாயைத் திறந்து வெறும் விரலால் அடித்துக் காட்டினார். "கொஞ்ச நேரம் மரத்துப்போகும், வலி தெரியாது. அந்த நேரத்துல சூடா எதையும் குடிக்காதீங்க. அளவுக்கு மேல அடிக்காதீங்க. இது வாய் கொப்பளிக்கிறது, புண்ணுக்கு. எரியாததாப் பாத்துத்தான் எடுத்திருக்கேன். ஆனா எல்லாத்தையும் விட முக்கியம் உப்புத் தண்ணி. வெதுவெதுப்பா எடுத்து, அண்ணாந்து, தொண்டையில நிறுத்தி, களகளன்னு கொப்பளிச்சுத் துப்பணும். முழுங்கிடாதீங்க."

சித்தியின் முகம் ஒரு மாதிரி ஆனது. அவள் கையைக் காட்டினாள். நான் கேட்டேன்: "தொண்டை வரைக்கும் போகாம, வாயிலயே வச்சுத் துப்பினாப் போதாதாண்ணே?"

"வலி தொண்டையில, தண்ணி கன்னத்துலயா?" என்றார் அண்ணன்.

வீட்டுக்கு வந்ததும் சித்தி உப்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் உள்ளே இருந்து களகளவென்று ஒரு சத்தம் வந்தது. அப்படி ஒரு கொப்பளிப்பை நான் கேட்டதே இல்லை. ஏறி, இறங்கி, ஒரு இடத்தில் நின்று சுழன்று, கடைசியில் "தூ" என்று முடிந்தது. சித்தப்பா கண்ணை மூடித் தலையாட்டினார். "கேட்டியா? தொண்டை கட்டினாலும் கச்சேரிதான்."

செவ்வாய்க்கிழமையும் அப்படியே. வீட்டிலும் கச்சேரி, நிலையத்துக் கழிவறையிலும் கச்சேரி. வெதுவெதுப்பான தண்ணீர் இருந்த ஃபிளாஸ்க்கை என்னிடம் வாங்கிக்கொண்டு, "நீ வெளிய நில்லு" என்று சைகை காட்டிவிட்டு உள்ளே போவாள். ஆனால் தொண்டை ஆறவில்லை. ஆறாதது மட்டுமில்லை, இன்னும் மோசமானது. சாயங்காலம் அவள் குரல் பழைய கதவு திறப்பதுபோல் இருந்தது.

அறிவிப்பு அறை மாடிப்படி முடிகிற இடத்தில் இருக்கிறது. ஒரு மேசை, ஒரு மைக், சிவப்புப் பொத்தான், நடைமேடைகளைப் பார்க்கிற ஒரு ஜன்னல். மின்விசிறியின் சத்தம் மைக்கில் ஏறிவிடும் என்பதால் பேசும்போதெல்லாம் அதை நிறுத்திவிடுவார்கள். புதன்கிழமை காலை வெண்கலம் அக்கா அந்த அறை வாசலில் வந்து நின்றார்.

"என்னடி, பேச்சே இல்ல? என்னைக் கண்டு பயமா?"

சித்தி கையை விறுவிறுவென்று ஆட்டினாள். கழுத்தைத் தொட்டாள், ஜன்னலைக் காட்டினாள், விரலை மடக்கினாள். நான் அவ்வளவையும் சேர்த்துப் பார்த்து, "வாங்க, உட்காருங்கங்கிறாங்க" என்றேன்.

"இவ்வளவு கோபமாவா உட்காரச் சொல்றா?" என்றார் வெண்கலம் அக்கா. "வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாயிடுமா, இல்ல நான் ஒருத்தியே பேசட்டுமா?"

அவர் போனதும் சித்தி ஸ்ப்ரேயை எடுத்தாள். ஒரு அடி அடித்தாள். ஜன்னல் வழியே டிக்கெட் கவுன்ட்டரைப் பார்த்தாள். இன்னொரு அடி. புண் இருக்கிற இடம் என்று நாக்கின் மேலும் ஒன்று. "போதும் சித்தி, அண்ணன் அளவாத்தான் அடிக்கச் சொன்னார்" என்றேன். அவள் முகத்தில் பல நாள் கழித்து ஒரு சிரிப்பு வந்தது. வலி துளியும் இல்லை என்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். மின்விசிறியை நிறுத்தினாள். பொத்தானை அழுத்தினாள்.

வலி போன இடத்துக்கு நாக்கும் போய்விட்டது என்று அப்போது எங்களுக்குத் தெரியவில்லை.

"பயணிகலின் கனிவான கவனத்திக்கு" என்றன எல்லா ஒலிபெருக்கிகளும். "மேம்பாலம் வலியாகத் துலைமுகம் செல்லும் பேலுந்து ஏலாம் நலைமேலையில் நிக்கிலது."

கீழே எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஜன்னல் திறந்திருந்ததால் நடைமேடைப் பேச்சு மேலே கேட்டது.

"யாருக்கோ வலியாமே?"

"மேம்பாலத்துக்காம்."

"நடைமேடைய ஏலம் விடுறாங்கன்னு சொன்ன மாதிரி இருந்துச்சே!"

"எந்த நடைமேடை?"

"அதைத்தான் சொல்லல."

சித்தி பதறிப்போய்த் திருத்திச் சொன்னாள். திருத்தியது இன்னும் மோசமாக இருந்தது. ஏழுக்குப் போக வேண்டியவர்களில் பாதிப்பேர் ஆறில் ஏறினார்கள், அங்கே இருந்தவர்கள் சந்தேகப்பட்டு இறங்கி ஏழுக்கு ஓடினார்கள். ஓட்டுநர்கள் இரண்டு பேரும் ஹாரனை விடாமல் அழுத்தினார்கள். மேலாளர் மாடிப்படியில் மூச்சுவாங்க ஏறி வந்தார்.

"என்னம்மா வாயில வச்சிருக்கீங்க?"

"ஸ்ப்லே சால்" என்றாள் சித்தி.

மேலாளர் என்னைப் பார்த்தார். "ஸ்ப்ரே, சார்" என்றேன். அதைச் சொல்லத்தானே வந்திருக்கிறேன்.

"இன்னிக்கு மிச்சத்தை கவுன்ட்டர் அம்மா பாத்துக்கட்டும்" என்றார் அவர். "வெள்ளிக்கிழமையும் இப்படித்தான்னா சொல்லிடுங்க, அவங்களையே பேசச் சொல்லிடறேன். ரெக்கார்டிங் ஆளை மறுபடி மறுபடி வரவழைக்க முடியாது."

சித்தி மைக்கை விட்டு எழுந்துகொண்டாள். அப்போது பதில் சொன்னாலும் யாருக்கும் புரிந்திருக்காது.

மதியம் மரமரப்பு விலகி வலி திரும்பிவிட்டது. தலைக்கு மேலே வெண்கலம் அக்காவின் குரல் கணீர் கணீரென்று ஊர்களைச் சொல்லிக்கொண்டிருந்தது. சித்தி ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு கழிவறைக்குப் போனாள். வழக்கம்போல் நான் வெளியே நின்றேன். கச்சேரி தொடங்கியது. அறிவிப்புகளுக்கு நடுவே கிடைத்த இடைவெளியில் வெண்கலம் அக்கா கைகழுவ வந்தவர், நான் "உள்ள சித்தி..." என்று சொல்வதற்குள் கதவைத் தள்ளிவிட்டார்.

சித்தி தொட்டி முன்னால் நின்றிருந்தாள். ஒரு கையால் உப்புத் தண்ணீரை மெல்ல மெல்லத் தொட்டிக்குள் ஊற்றிக்கொண்டிருந்தாள். வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. காய்ந்த தொண்டையால் களகளவென்று சத்தம் மட்டும் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னடி இது கூத்து?" என்றார் வெண்கலம் அக்கா. "தண்ணி தொட்டியில ஊத்துது, சத்தம் உன் வாயில வருது?"

சித்தி ஊற்றுவதை நிறுத்தினாள்.

"உனக்குக் கொப்பளிக்கத் தெரியாதா?"

"தெரியும்" என்றாள் சித்தி, கரகரத்த குரலில். "தண்ணி இல்லாம."

சின்ன வயதில் ஒருமுறை தண்ணீர் மூக்கில் ஏறிவிட்டதாம். அதிலிருந்து வாயில் தண்ணீரோடு அண்ணாந்தாலே தொண்டை தானாகத் திறந்து விழுங்கிவிடுகிறதாம். ஊருக்கெல்லாம் குரல் கொடுக்கிறவளுக்கு இதுகூட வரவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது? அதனால்தான் கதவைச் சாத்திக்கொண்டு சத்தத்தை மட்டும் கொடுத்திருக்கிறாள். புண்ணான தொண்டையைத் திங்கட்கிழமையிலிருந்து வெறும் சத்தத்தால் அரம் போட்டு ராவிக்கொண்டிருந்திருக்கிறாள். பிறகு எப்படி ஆறும்?

வெண்கலம் அக்கா சுவரில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு முந்தானையை இடுப்பில் செருகினார்.

"வா இங்க. வாயில கொஞ்சமா ஊத்திக்கோ. அண்ணாந்து, ஆ...ன்னு சத்தம் குடு. சத்தம் வெளிய வர்ற வரைக்கும் தண்ணி உள்ள போகாது. மூச்சு தீரும்போது குனிஞ்சு துப்பு. அவ்வளவுதான்."

முதல் வாய் நேராக வயிற்றுக்குப் போனது. இரண்டாவது வாய் வெண்கலம் அக்காவின் புடவைக்குப் போனது. மூன்றாவதில் நான் சிரிக்க, சித்தியும் சிரிக்க, தண்ணீர் மறுபடி மூக்கில் ஏறியது.

"நீ வெளிய போடி" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் என்னைச் சொன்னார்கள். நான் கதவு வரைக்கும் போய் நின்றுகொண்டேன்.

"உனக்கு ஆ...ன்னா வராது. நீ தினமும் சொல்றதைச் சொல்லு" என்றார் வெண்கலம் அக்கா. "மைக் முன்னாடி இருக்கிறதா நெனச்சுக்கோ. பொத்தான அமுக்கிட்டேன். ம், பேசு."

சித்தி அண்ணாந்தாள். "பளபயளணிகளளின் கனிகளவான களவனத்திற்களகு" என்று குமிழிகளோடு வந்தது. அவள் கண்கள் பெரிதாகின. மூச்சு தீரும் வரை சொல்லிவிட்டுக் குனிந்து துப்பினாள். ஒரு சொட்டுகூட உள்ளே போகவில்லை.

கதவருகே பையோடு காத்துநின்ற ஒரு பெரியம்மா என்னிடம் கேட்டார்: "ஏம்மா, இந்த வண்டி தண்ணியில போறதா?"

சித்தி இன்னொரு வாய் ஊற்றிக்கொண்டாள். சொல்லிக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, வாயைத் துடைத்தபடி கேட்டாள்: "எனக்கு எதுக்குடி சொல்லித் தர்றே? நான் பேசலேன்னா உன் குரல்தானே?"

"அதுக்குத்தான். நீ படுத்துக்கிட்டு நான் ஜெயிச்சா, அவளுக்குத் தொண்டை கட்டுனதால வந்தவன்னு காலம் பூரா சொல்வாங்க. நல்லாப் பேசிட்டுத் தோத்துப் போ."

"பாக்கலாம்" என்றாள் சித்தி.

"மொதல்ல என் புடவைக்குப் பதில் சொல்லு."

அன்று சாயங்காலமும் வியாழக்கிழமை முழுவதும் சித்தி நிஜமாகவே கொப்பளித்தாள். வீட்டில் சத்தம் முன்னைவிட அசிங்கமாக இருந்தது. நடுவில் இருமல், செருமல், புரை. சித்தப்பா முகம் சுளித்தார். "என்ன, ரெண்டு நாளா சுருதி சேரலயே?" நானும் சித்தியும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் வீக்கம் வடிந்தது. ஸ்ப்ரேயை மருந்துக்கடை அண்ணன் சொன்ன அளவுக்கு மேல் அவள் தொடவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் குரல் முக்கால்வாசி திரும்பியிருந்தது. நாக்குப் புண் மட்டும் போகவில்லை. ஸ்ப்ரே அடித்தால் ழ போய்விடும், அடிக்காவிட்டால் வலிக்கும். அவள் ஸ்ப்ரேயை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தாள்.

ரெக்கார்டிங் ஆள் ஜன்னல் முழுக்கக் கம்பளி தொங்கவிட்டு அறையை அடுப்பாக்கியிருந்தார். காதில் பெரிய ஹெட்போன். முதலில் வெண்கலம் அக்கா உட்கார்ந்தார். மைக்கே வேண்டாம் போலிருந்தது.

"மேம்பாலம் வளியாக..."

"அக்கா, ழ" என்றார் ரெக்கார்டிங் ஆள்.

"அதைத்தானே சொன்னேன். வளியாக."

"அது ள. இது ழ."

"நான் மட்டும் என்ன வேறயா சொல்றேன்?" என்று அக்கா மேலாளரைப் பார்த்தார்.

"எனக்கும் ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குது" என்றார் மேலாளர்.

பிறகு சித்தி. எங்கள் ஊர் வண்டிகள் எல்லாமே எதன் வழியாகவாவதுதான் போகும். சந்தை வழியாக, ரயிலடி வழியாக, மேம்பாலம் வழியாக. ஒவ்வொரு ழவுக்கும் நாக்கு மடியும்போது புண் நேராக மேலண்ணத்தில் உரசும். சித்தி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஒரு 'வழியாக'வைக்கூட நழுவவிடவில்லை. 'ஏழாம்' வந்தபோது கண்ணில் நீர் முட்டிவிட்டது.

ரெக்கார்டிங் ஆள் ஹெட்போனைக் கழற்றினார். "நல்லா இருக்கு அக்கா. ஆனா இவ்வளவு உணர்ச்சி வேணாம். பஸ்தான் போகுது, பொண்ணு புகுந்த வீட்டுக்குப் போகல."

வாசலில் நின்ற வெண்கலம் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. ஃபிளாஸ்க்கைத் திறந்து, ஒரு வாய்த் தண்ணீர் ஊற்றி நீட்டினார்.

முடிவு வர ஒரு வாரம் ஆனது. சித்தியின் குரல். மேலாளர் சொன்னதும் வெண்கலம் அக்கா, "ஒரு எழுத்துல போச்சே! நாக்க மடிக்கிறவளுக்கெல்லாம் இப்ப காலம்" என்று கவுன்ட்டரில் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிடப் போனார்கள்.

இப்போது சித்தி விசாரணைக் கவுன்ட்டரில் இருக்கிறாள். மேலே அவள் குரலே அறிவிக்கிறது, கீழே அவள் பதில் சொல்கிறாள். ஒருநாள் நான் அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். துறைமுக வண்டி அன்று கடைசி நேரத்தில் மூன்றாம் நடைமேடைக்கு மாறியிருந்தது. மெஷினுக்கு யாரும் சொல்லவில்லை. குடையை அக்குளில் இடுக்கிய ஒரு பெரியவர் கவுன்ட்டருக்கு வந்தார்.

"துறைமுகம் வண்டி எங்கம்மா?"

"மூணாம் நடைமேடைங்கய்யா."

அதே நேரத்தில் மேலே குரல் சொன்னது: "மேம்பாலம் வழியாகத் துறைமுகம் செல்லும் பேருந்து, ஏழாம் நடைமேடையில்."

பெரியவர் விரலை மேலே காட்டினார். "அந்தம்மா ஏழுங்கிறாங்களே?"

"அது தப்புங்கய்யா. அவங்க சொல்றத நம்பாதீங்க."

"ஏம்மா, அவங்க எவ்வளவு தெளிவாச் சொல்றாங்க! நீ புதுசா?"

"அந்தம்மா நான்தாங்கய்யா."

பெரியவர் சித்தியை மேலும் கீழும் பார்த்தார். "போம்மா, விளையாடாத" என்று ஏழாம் நடைமேடையை நோக்கி நடந்துவிட்டார். மூன்றில் வண்டி கிளம்ப உறுமிக்கொண்டிருந்தது.

சித்தி கவுன்ட்டரை விட்டு வெளியே ஓடி வந்தாள். இடுப்பில் கையை வைத்தாள், மூச்சை இழுத்தாள், மைக் இல்லாமல் முழுக் குரலையும் எடுத்தாள்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு! மேம்பாலம் வழியாகத் துறைமுகம் செல்லும் பேருந்து, மூன்றாம் நடைமேடையில் நிற்கிறது!"

பெரியவர் சட்டென்று நின்று, அண்ணாந்து ஒலிபெருக்கியைப் பார்த்தார். பிறகு திரும்பி மூன்றாம் நடைமேடைக்கு ஓடினார். சித்தியைக் கடக்கும்போது நின்று, ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போனார்.

"பாத்தியா, அவங்களே திருத்திச் சொல்லிட்டாங்க."